டிசம்பரில் கேதார்கந்தா: பனியையே பார்க்காத பாலக்கோட்டு ஆட்கள் மூவர், யோசனை சொல்லுங்கள்

பாலக்கோட்டான் | நவம்பர் 2, இரவு 9:14

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இப்போது கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நானும் இரண்டு நண்பர்களும் டிசம்பர் கடைசி வாரம் உத்தரகண்டில் கேதார்கந்தா ஏறுவதாக முடிவு செய்து முன்பணமும் கட்டிவிட்டோம். மூவருக்கும் ஓசூரில் ஷிப்ட் வேலை. வயது 31, 33, 38. இதுவரை ஏறியது தீர்த்தமலை பலமுறை, கிருஷ்ணகிரி கோட்டை, ராயக்கோட்டை, ஒரே ஒருமுறை வெள்ளியங்கிரி. பனி என்றால் எங்களுக்கு மார்கழி காலையில் பைக் சீட்டை நனைத்து வைத்திருக்குமே, அதுதான். பனியில் நடக்கப் போகிறோம் என்று வீட்டில் சொன்னதும் அம்மா, "தலையில துண்டு கட்டிக்கிட்டுப் போ, சளி பிடிக்கும்" என்றார். அவருக்கு வேறு பனி தெரியாது. எனக்கும் தெரியாது.

ஷூவை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? எத்தனை ஸ்வெட்டர் வேண்டும்? இன்னும் ஏழு வாரம் இருக்கிறது, எப்படிப் பயிற்சி எடுப்பது? உயரத்துக்கு மாத்திரை போட வேண்டும் என்கிறார்களே, அது அவசியமா? நண்பர்களில் ஒருவன், எழுத்துக்கு அவனை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கனமான ஆள். அவனை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

வத்தல்மலை வாத்தியார் | நவம்பர் 2, இரவு 9:40

தம்பி, மலை ஏற டேராடூன் வரை போக வேண்டுமா? வத்தல்மலை இங்கேதானே இருக்கிறது. காபித் தோட்டம், மிளகுக் கொடி, நல்ல காற்று. மார்கழியில் விடியும்முன் போய் நின்று பாருங்கள், பல் தந்தியடிக்கும். செலவு ஒரு லிட்டர் பெட்ரோல்.

மலைமாடு | நவம்பர் 2, இரவு 10:51

வாத்தியார் சார் வழக்கம்போல முதல் ஆளாக வந்துவிட்டார் :)

பாலக்கோட்டான், முதல் பனிமலைக்கு கேதார்கந்தா நல்ல தேர்வு. நான் அங்கே ஒருமுறை, பிரம்மதால் ஒருமுறை, குவாரி பாஸ் இரண்டுமுறை போயிருக்கிறேன். எல்லாம் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில். ஊர் காவேரிப்பட்டணம், ஆக எனக்கும் வெயில் உடம்புதான்.

வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டேராடூனிலிருந்து, ஏற்றம் தொடங்கும் கிராமமான சாங்க்ரி 200 கிலோமீட்டர்தான், ஆனால் எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். தொப்பூர் கணவாயை நாள் முழுக்க ஓட்டிக்கொண்டே இருப்பது போல. வாந்தி வரும் ஆள் இருந்தால் முன்சீட்டைக் கொடுத்துவிடுங்கள். சாங்க்ரி 6,400 அடி. முதல் நாள் நடந்து ஜூடா கா தாலாப், 9,100 அடி. குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஏரி. ஜூடா என்றால் கொண்டை. சிவன் சடையிலிருந்து விழுந்த நீர் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். நம் தீர்த்தமலையில் ராமர் அம்பு விட்டுத் தண்ணீர் வரவழைத்த கதை மாதிரிதான். மறுநாள் அடிவார முகாம், சுமார் 11,200 அடி. மூன்றாம் நாள் அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினால் விடியும்போது உச்சி, 12,500 அடி. மேலே நின்றால் ஸ்வர்காரோகிணி, பந்தர்பூஞ்ச், காலாநாக் எல்லாம் வரிசையாகத் தெரியும்.

ஸ்வெட்டருக்கு வருகிறேன். இதை மட்டும் விரிவாக எழுதுகிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

அங்கே ஆளைக் கவிழ்ப்பது வேர்வை. என் முதல் பயணத்தில் தெர்மல், அதன்மேல் இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் தடி ஜாக்கெட் என்று பொங்கல் பானைக்கு மஞ்சள் கட்டியது போல எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். இருபதே நிமிடத்தில் ஒகேனக்கல் மத்தியானம் போல வேர்த்துக் கொட்டியது. 'பரவாயில்லையே, குளிரவே இல்லையே' என்று பெருமை வேறு. தேநீருக்கு நின்றோம். ஐந்து நிமிடத்தில் முதுகெல்லாம் ஐஸ் தடவியது போலாகி, டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை ஆடியது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். நனைந்த பனியனோடு நிற்பவன் கிணற்றில் இறங்கி நிற்பவன் மாதிரிதான்.

அதனால் கிளம்பும்போதே லேசாகக் குளிர வேண்டும். முதல் பத்து நிமிடம் 'இன்னொன்று போட்டிருக்கலாமோ' என்று தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் ஒன்றைக் கழற்றிப் பையில் வையுங்கள். நின்ற உடனே, வேர்வை ஆறுவதற்கு முன்பே, தடி ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நடக்கத் தொடங்கும்போது திரும்பக் கழற்றுங்கள். சோம்பேறித்தனம் வரும், கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஒரு நாளைக்குப் பத்துமுறை கழற்றி மாட்டினால் நீங்கள் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

உடம்பை ஒட்டி இருப்பது பருத்தியாக இருக்கவே கூடாது. பருத்தி வேர்வையைக் குடித்துவிட்டுக் காயவே காயாது. நம் ஊர்க் கடையில் தெர்மல் என்று கேட்டால் பெரும்பாலும் பருத்தி கலந்ததைத்தான் எடுத்துப் போடுவார்கள். பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். டெக்கத்லானில் கிடைக்கும். அதன்மேல் ஃப்ளீஸ் (செயற்கை நூலில் பஞ்சு போல இருக்கும் லேசான ஸ்வெட்டர்), அதன்மேல் காற்றும் ஈரமும் புகாத மெல்லிய கோட்டு, நிற்கும்போது போட ஒரு இறகு ஜாக்கெட். அம்மாவின் ஸ்வெட்டரை எடுத்துப் போங்கள், கூடாரத்தில் போட்டுக்கொள்ளலாம்.

ஓசூர் நைட் ஷிப்ட் | நவம்பர் 3, காலை 6:22

அண்ணா, அந்த மெல்லிய கோட்டு ஏன் என்று பைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி நான் சொல்கிறேன். மார்கழியில் ராயக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு ஆறு மணி ஷிப்டுக்கு வருகிறவர்கள் சட்டைக்குள் நெஞ்சில் தினத்தாள் வைத்துக்கொள்வோம் இல்லையா? பேப்பரில் என்ன சூடு இருக்கிறது? ஒன்றும் இல்லை, அது காற்றை நிறுத்துகிறது, அவ்வளவுதான். ஸ்வெட்டர் எவ்வளவு தடியாக இருந்தாலும் காற்று நூல் இடுக்கில் புகுந்துவிடும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 21 போல இருக்கும். உச்சி முகட்டில் அந்தக் காற்று சாதாரணம்.

ஊத்தங்கரை வெயில் | நவம்பர் 3, காலை 11:05

எல்லோரும் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். நான் போன ஜனவரியில் இதே கேதார்கந்தாவுக்கு ஜீன்ஸ், சாதா ஸ்போர்ட்ஸ் ஷூ, வாடகை ஜாக்கெட் ஒன்றோடு போய்விட்டு வந்தேன். ஒன்றும் ஆகவில்லை. நாலு நாளும் வெயில். உச்சியில் டீ-ஷர்ட்டோடு போட்டோ எடுத்தோம். இந்த மெரினோ, இறகு எல்லாம் கடைக்காரன் பிழைப்பதற்கு.

மலைமாடு | நவம்பர் 3, பகல் 1:30

ஊத்தங்கரை, வெயில் அடித்தது, தப்பித்தீர்கள். சொல்வது கசப்பாக இருக்கலாம், ஆனாலும் சொல்கிறேன். 2024 ஜூன் மாதம், குளிர்காலம்கூட இல்லை, உத்தரகண்டில் சகஸ்த்ரதால் போன 22 பேர் கொண்ட குழு 14,000 அடிக்கு மேல் பனிப்புயலில் மாட்டியது. ஒன்பது பேர் திரும்பவில்லை. அந்த ஒன்பது பேரும் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து போனவர்கள். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தூரத்து ஆட்கள். பனிச்சரிவு இல்லை, யாரும் பள்ளத்தில் விழவில்லை; காற்றும் ஈரமும் குளிரும்தான்.

வானம் நல்லபடியாக இருக்கும் நான்கு நாளுக்கு உங்கள் ஜீன்ஸே போதும். ஐந்தாவது நாளுக்காகத்தான் மற்றதெல்லாம்.

ஊத்தங்கரை வெயில் | நவம்பர் 3, பகல் 2:12

சரி, அந்தச் செய்தி எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லையே? சாங்க்ரியிலேயே ஷூ, கெய்ட்டர், ஜாக்கெட், ஷூவுக்குக் கீழே மாட்டும் முள் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கிறது. மாதச் சம்பளக்காரன் எல்லாவற்றையும் வாங்க முடியுமா?

மலைமாடு | நவம்பர் 3, பகல் 2:40

அதில் முழு ஒப்புதல். ஜாக்கெட், கெய்ட்டர், முள் மூன்றும் வாடகைக்கு எடுங்கள். ஷூ மட்டும் சொந்தமாக இருக்கட்டும். அடுத்தவன் காலுக்குப் பழகிய ஷூவைப் போட்டு இருபது கிலோமீட்டர் நடப்பது வேண்டாத வேலை. ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். தடி சாக்ஸ் போட்டும் விரல் ஆட வேண்டும். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும், இதை ஆளாளுக்குத் தவறாகச் செய்கிறார்கள். இப்போதே வாங்கி, கடைக்குப் போவதற்குக்கூட அதையே போட்டுப் பழகுங்கள்.

கெய்ட்டர் என்றால் என்ன என்று கேட்பீர்கள். முழங்காலுக்குக் கீழிருந்து ஷூ வரை மூடும் உறை. பனி ஷூவுக்குள் விழாமல் தடுக்கும்.

கேஆர்பி டேம் மீன் | நவம்பர் 3, இரவு 8:48

முக்கியமான கேள்வியை யாரும் கேட்கவில்லை. குளிருக்கு இரண்டு பெக் ரம் போடலாமா?

அரூர் அக்கா | நவம்பர் 3, இரவு 10:15

போடலாம், கீழே இறங்கி சாங்க்ரி வந்த பிறகு.

நான் செவிலியர். பதினாறு வருட அனுபவம். மலை ஏறியது குறைவு, இருந்தாலும் மருத்துவப் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். மது குடித்தால் சூடாகத் தோன்றும், காரணம் தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. உள்ளே இருக்கும் சூட்டைத் தோலுக்குக் கொண்டுவந்து வெளியே கொட்டுகிறீர்கள். உண்மையில் உடம்பு ஆறிக்கொண்டிருக்கும்.

பாலக்கோட்டான் தம்பி, மாத்திரை பற்றி. 12,500 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கைவிடக் குறைவு. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த அளவுதான் ஆக்சிஜன். உடம்பு இதற்குப் பழகும், ஆனால் நேரம் வேண்டும். 10,000 அடிக்கு மேல் போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 1,600 அடிக்கு மேல் கூட்டாதே என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. மலைமாடு எழுதிய கணக்கைப் பாருங்கள்: ஒரு இரவு 9,100, அடுத்த இரவு 11,200. கொஞ்சம் வேகமான ஏற்றம்தான். முடிந்தால் சாங்க்ரியில் கூடுதலாக ஒரு இரவு தங்குங்கள்.

அசிடசோலமைடு, கடையில் டயமாக்ஸ் என்பார்கள், தடுப்பாக 125 மில்லிகிராம் காலை மாலை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து கொடுப்பது வழக்கம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டு, ஊரிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். விரல் நுனி மரமரக்கும், சிறுநீர் அதிகமாகும். மலையில் முதல்முறை போட்டால் அந்த மரமரப்பு மாத்திரையாலா குளிராலா என்று தெரியாமல் குழம்புவீர்கள்.

மணி கனமான ஆள் என்று பயப்படுகிறீர்கள். மலை நோய் எடையையும் பார்க்காது, உடற்பயிற்சியையும் பார்க்காது. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிற ஆளுக்கும் வரும். இன்னும் சொன்னால், வேகமாக ஏறுவதால் அவருக்குத்தான் முதலில் வரும் வாய்ப்பு. தலைவலி, குமட்டல், சாப்பாடு இறங்காமை, தூக்கமின்மை; ராத்திரி குடித்தவன் காலையில் எழுவது போல. தலைவலியோடு மேலே போகாதீர்கள். தலைவலியை மறைக்கவும் செய்யாதீர்கள், 'பணம் கட்டிவிட்டோமே' என்று மறைப்பவர்கள்தான் அதிகம். நேர்கோட்டில் குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறாரா? உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா? அப்போதே, இருட்டாக இருந்தாலும், கூட ஒருவரோடு கீழே இறக்க வேண்டும். இறங்குவதுதான் மருந்து.

குளிரில் உடம்பு நடுங்குவது நல்ல அறிகுறி, இன்னும் சூட்டைத் தயாரிக்கிறது. நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, கையுறையை எங்கேயோ விட்டுவிட்டு 'எனக்கு ஒன்றுமில்லை' என்றால் அதுதான் ஆபத்து. உள் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கியபின் ஆளுக்குத் தன் நிலைமையே தெரியாது. கூட இருப்பவர்தான் பார்க்க வேண்டும்.

கேஆர்பி டேம் மீன் | நவம்பர் 3, இரவு 10:31

அக்கா, ரம் கேட்டது வாபஸ்.

பர்கூர் பட்டாளம் | நவம்பர் 4, காலை 5:10

எக்ஸ்-சர்வீஸ். லடாக் பக்கம் இரண்டு முறை போஸ்டிங். சுருக்கமாக எழுதுகிறேன்.

பனியில் நடப்பது ரோட்டில் நடப்பது இல்லை. நம் ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு. நாற்று நட்ட வயலில் இறங்கி நடந்தவனுக்கு இது பாதி தெரியும். காலை இழுக்காதே. தூக்கு, வை, எடையை மெதுவாக மாற்று. ஏறும்போது ஷூ முனையால் உதைத்துப் படி வெட்டு. முன்னால் போனவன் வெட்டிய படியிலேயே கால் வை. இறங்கும்போது குதிகாலைக் குத்தி இறங்கு, முழங்காலைக் கொஞ்சம் மடக்கு. பின்னால் சாயாதே, சாய்ந்தால் வழுக்கும். முள்ளை மாட்டியிருந்தால் பாதத்தைத் தட்டையாக வை, எல்லா முள்ளும் பனியைக் கடிக்க வேண்டும்.

பலர் நடந்த தடம் பகலில் இளகி ராத்திரி இறுகிக் கண்ணாடி ஆகிவிடும். தடத்தை விட்டு விலகினால் தொடை வரை புதையும். மரத்தடியில் பனி பள்ளமாக, உள்ளே பொள்ளலாக இருக்கும், ஒட்டி நடக்காதே. உட்கார்ந்து சறுக்கி விளையாடுவார்கள். முள்ளோடு சறுக்காதே. முள் பனியில் மாட்டினால் கணுக்கால் போய்விடும்.

பனிச்சரிவு: 30 முதல் 45 டிகிரி சரிவில்தான் பெரும்பாலும் வரும். புதிதாகப் பெரும்பனி விழுந்த பின் முதல் 24 மணி நேரம் மோசம். கேதார்கந்தா வழி அதிகமும் காட்டுக்குள்ளும் முகட்டு மேலும் போகிறது, மற்ற இடத்தைவிடப் பரவாயில்லை. அதற்காக வழிகாட்டி 'இன்று வேண்டாம்' என்றால் எதிர்த்துப் பேசாதே. புதைந்தவனைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் நம்பிக்கை.

2016 பிப்ரவரி 3, சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆட்கள் பத்துப் பேர் புதைந்தார்கள். அதில் ஒரு பையன் நம் கிருஷ்ணகிரி மாவட்டம். அவர்களுக்கு இருந்த பயிற்சியில் நூற்றில் ஒன்றுகூட உங்களுக்குக் கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொண்டு போங்கள். போக வேண்டாம் என்று சொல்லவில்லை.

பாலக்கோட்டான் | நவம்பர் 4, இரவு 9:30

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நன்றி ஐயா. நன்றி அக்கா. சாங்க்ரியில் ஒரு நாள் கூட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பயிற்சி பற்றி யாராவது?

தீர்த்தமலை படி | நவம்பர் 5, காலை 7:44

பயிற்சிக்கு என்னைக் கேளுங்கள். முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசி வைத்து வாரம் மூன்று நாள் கோட்டை ஏறுங்கள். மூன்றாவது வாரம் எட்டு கிலோ. மேலே போனதும் செல்ஃபி எடுத்துவிட்டு ஓடி இறங்காதீர்கள். இறங்குவதையும் பயிற்சியாகவே, மெதுவாக, முழங்காலை அடக்கிச் செய்யுங்கள். எல்லோரும் ஏறுவதற்குத்தான் பழகுகிறார்கள், முழங்கால் போவது இறங்கும்போது. ஏறாத நாளில் ஐந்து கிலோமீட்டரை 35 நிமிடத்துக்குள் ஓட்டமும் நடையுமாக முடிக்கப் பாருங்கள். மணிக்கும் அது வரும், ஏழு வாரம் தாராளம்.

ஒன்று, ஓசூர் 2,900 அடியில் இருப்பதால் உயரத்துக்குப் பழகிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். ஏற்காடு போய் இரண்டு நாள் தங்கினாலும் அப்படித்தான்.

தேன்கனி | நவம்பர் 5, மாலை 4:18

நான் போன வருடம் பிரம்மதால் போன பெண். யாரும் எழுதாத சில்லறை விஷயங்கள், ஆனால் அங்கே இவைதான் பெரிதாகத் தெரியும்.

ராத்திரி தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேலிருந்துதான் பிடிக்கும், காலையில் நிமிர்த்தினால் மூடிப் பக்கம் தண்ணீராக இருக்கும். படுக்கும்போது பாட்டிலில் வெந்நீர் பிடித்து சாக்ஸுக்குள் போட்டுக் கால்மாட்டில் வையுங்கள், சொர்க்கம். போன், டார்ச் பேட்டரி, மறுநாள் போடும் சாக்ஸ் எல்லாம் தூங்கும் பைக்குள் உங்களோடு தூங்க வேண்டும். வெளியே வைத்தால் 60 சதவீதம் இருந்த போன் காலையில் செத்திருக்கும். சிறுநீரை அடக்கிக்கொண்டு படுக்காதீர்கள், நடுராத்திரி அந்த ஜிப்பைத் திறப்பது போன்ற கொடுமை வேறில்லை. கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டவே மூட்டாதீர்கள், வாசனையே இல்லாத நச்சுப்புகை.

கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, பக்கவாட்டும் மூடினது. புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டோ எடுத்த எங்கள் குழுப் பையன் அன்று ராத்திரி கண்ணில் மிளகாய்த்தூள் விழுந்தவன் போலக் கதறினான். வெயில் கீழிருந்தும் வருவதால் மூக்குக்கு அடியில், தாடைக்கு அடியில் கிரீம் தடவுங்கள். நாங்களெல்லாம் கறுப்புத் தோல், எங்களுக்கென்ன என்று நினைத்தேன். மூக்கு உரிந்தது.

பெண்களுக்கு: மாதவிடாய் நாள் வந்தால் போகக்கூடாது என்றெல்லாம் இல்லை. பயன்படுத்தியதைப் பனியில் புதைக்காமல் இரட்டை உறையில் கீழே கொண்டுவந்துவிடுங்கள். பனி உருகும்போது எல்லாம் அப்படியே மேலே வரும்.

தின்பதற்குக் கடலை உருண்டை கொண்டுபோனேன். கல்லாகிவிட்டது, பல் போகத் தெரிந்தது. பொடியாகத் தட்டி உள்பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ராகி மாவை வறுத்து நாட்டுச் சர்க்கரை, நெய் கலந்து எடுத்துப் போனதுதான் கைகொடுத்தது. வெந்நீர் ஊற்றினால் முடிந்தது. படுக்கும்முன் ஒரு டம்ளர் குடித்தால் ராத்திரி குளிர் பாதி குறையும்.

வத்தல்மலை வாத்தியார் | நவம்பர் 5, இரவு 8:02

ராகியைப் பற்றி எழுதியதால் இந்தப் பெண்ணை மன்னித்தேன்.

ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. மேலகிரி இருக்கிறது, சித்தேரி இருக்கிறது. இங்கே ஒரு மலைகூடச் சரியாகத் தெரியாத பிள்ளைகள் ஏன் அங்கே?

தீர்த்தமலை படி | நவம்பர் 5, இரவு 8:37

சார், மேலகிரியில் யானை இருக்கிறது, இஷ்டத்துக்குப் போக முடியாது. 2018 குரங்கணி தீக்குப் பிறகு கட்டுப்பாடும் கூடிவிட்டது. 2024-இல் வனத்துறையே ட்ரெக் தமிழ்நாடு என்று 40 பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது, அதில் முறையாகப் போகலாம். நான் போகிறேன். ஆனால் தண்ணீர் கல்லாகிற இடத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவனிடம் யானையைக் காட்டி என்ன பயன்?

வத்தல்மலை வாத்தியார் | நவம்பர் 5, இரவு 8:50

அதுவும் சரிதான். எனக்கு 67 வயது. பொறாமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலைமாடு | டிசம்பர் 19, இரவு 9:20

பாலக்கோட்டான், கிளம்பும் நேரம் ஆகிவிட்டது. வானிலை பார்க்கும்போது வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் என்ற சொல்லைத் தேடுங்கள். நமக்கு வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் எப்படியோ, அவர்களுக்கு அது. மத்தியதரைக் கடல் பக்கம் கிளம்பி மேற்கிலிருந்து வரும், குளிர்காலப் பனிப்பொழிவு அதனால்தான். நீங்கள் உச்சிக்குப் போகும் நாளில் ஒன்று வருவதாகத் தெரிந்தால் முன்கூட்டியே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் வாரம் அங்கே திருவிழாக் கூட்டம், உச்சிக்குக் கீழே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். நிற்கும்போது இறகு ஜாக்கெட். மறக்காதீர்கள்.

பாலக்கோட்டான் | ஜனவரி 8, இரவு 10:05

வந்து சேர்ந்தோம். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதிலாக எழுதுகிறேன்.

முதல் நாள் பனியே இல்லை, வெறும் மண்ணும் பைன் ஊசி இலையும். ஏமாந்துவிட்டோமோ என்று நினைத்தோம். ஏரிக்குச் சற்று முன்னால் நிழல் பக்கத்தில் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக ஆரம்பித்தது. மணி குனிந்து ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தான். "ஒரு வாசனையும் இல்லடா" என்றான். எதை எதிர்பார்த்தானோ தெரியவில்லை. இரண்டாம் நாள் மதியத்திலிருந்து பனி கொட்டத் தொடங்கியது. மழைக்குச் சத்தம் உண்டு, இதற்கு இல்லை. கூடாரத்தில் உட்கார்ந்து வெளியே ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், திறந்தால் அரை அடி ஏறியிருக்கிறது.

மூன்றாம் நாள் மூன்று மணிக்குக் கிளம்பினோம். பனி நின்றிருந்தது, காற்று நிற்கவில்லை. மணியைப் பற்றித்தானே பயந்தேன்? அவன் எருமை மாதிரி ஒரே சீராக ஏறினான். மூன்றாமவன், எங்களில் இளையவன், தினமும் ஜிம்முக்குப் போகிறவன், முதல் ஒரு மணி நேரம் எல்லோரையும் முந்திக்கொண்டு போனான். ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னேன், கேட்கவில்லை. தேநீர் விற்கும் குடிசைக்கு மேல் கூட்டம் நின்றுவிட்டது, இருபது நிமிடம் அசையவில்லை. அவன் முதுகைத் தொட்டேன், ஈரம். பேச்சுக் கொடுத்தேன், பதில் தாமதமாக வந்தது. ஒரு கையுறையைக் காணோம். "எங்கேடா?" என்றால் "இருக்கு இருக்கு" என்று சிரிக்கிறான்.

அரூர் அக்கா எழுதியது வரி வரியாக ஞாபகம் வந்தது. வழிகாட்டியிடம் சொன்னேன், அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஈரத்தைக் கழற்றி என் உலர்ந்த ஃப்ளீஸைப் போட்டு, மேலே இரண்டு ஜாக்கெட் சுற்றி, ராகிக் கூழைக் குடிக்க வைத்து, உதவியாளரோடு நானும் அவனை நடத்திக் கீழே கூட்டி வந்தோம். முகாமுக்கு வர ஒன்றரை மணி நேரம். பாதி வழியில்தான் நடுக்கம் வந்தது. அந்த நடுக்கத்தைப் பார்த்து நான் அழுதுவிட்டேன், எழுதக் கூச்சமாக இருக்கிறது.

மணி உச்சிக்குப் போய்விட்டான். நான் போகவில்லை. சுமார் 700 அடி பாக்கி என்று பிறகு சொன்னார்கள். மேலே எடுத்த போட்டோவைக் காட்டுகிறான், எல்லாம் அவன் மூக்கும் பின்னால் வெள்ளையும்தான்.

அம்மா "பனி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். துண்டு கட்டிக்கொண்டேன் என்றேன்.

அரூர் அக்கா | ஜனவரி 8, இரவு 10:40

தம்பி, கையுறை போன அந்தக் கை விரல்கள் இப்போது எப்படி இருக்கின்றன? தேய்த்தீர்களா?

பாலக்கோட்டான் | ஜனவரி 8, இரவு 10:52

தேய்க்கவில்லை அக்கா, அக்குளில் வைத்துக்கொள்ளச் சொன்னார் வழிகாட்டி. வெளுத்திருந்தது அன்றே சிவந்துவிட்டது. இரண்டு விரல் நுனி மட்டும் இன்னும் மரத்தது போல இருக்கிறதாம்.

அரூர் அக்கா | ஜனவரி 8, இரவு 11:03

கொப்புளம், கறுப்பு இல்லையென்றால் அந்த மரப்பு சில வாரம் இருந்துவிட்டுப் போகும். சிகரெட் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், விரல் ரத்தக் குழாயைச் சுருக்கும். எதற்கும் ஒரு மருத்துவரிடம் நேரில் காட்டட்டும், நாளைக்கே.

ஊத்தங்கரை வெயில் | ஜனவரி 9, காலை 9:15

டீ-ஷர்ட் போட்டோவை முகப்புப் படத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

பர்கூர் பட்டாளம் | ஜனவரி 9, காலை 9:40

சரியாகச் செய்தாய்.

வத்தல்மலை வாத்தியார் | ஜனவரி 9, மாலை 6:12

அந்த 700 அடி பாக்கிக்கு அடுத்த வருடம் போவீர்களா?

பாலக்கோட்டான் | ஜனவரி 9, இரவு 9:33

பிப்ரவரியில் கூட்டம் குறைவாம் சார், அப்போது போகலாம் என்று மூவரும் பேசிக்கொண்டிருக்கிறோம். இளையவன்தான் முதலில் கேட்டான். பொங்கல் விடுமுறையில் வத்தல்மலை வருகிறோம், ஷூவைக் கழுவிக் காய வைத்திருக்கிறேன். நீங்கள் ஊரில் இருப்பீர்களா?

வத்தல்மலை வாத்தியார் | ஜனவரி 9, இரவு 9:41

இருப்பேன். ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள். ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள்.